கிளவுட் கிளஸ்டரில் கொடுத்த வேலை முடிந்ததா என்று எப்படி அறிவது?

கேள்வி இது. அக்கரைப்பற்றில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறிய மென்பொருள் குழு ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஆப் கூகுள் குபர்நெட்டிஸ் எஞ்சினில், அதாவது பல கணினிகளை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து அதில் ஆப்பை ஓட்டித்தரும் கூகுளின் கிளவுட் சேவையில், ஓடுகிறது. நோட் பூல் (ஒரே வகைக் கணினிகளின் தொகுதி, ஒவ்வொரு கணினியும் ஒரு நோட்) சேர்க்கவும் புதிய பதிப்பை ஏற்றவும் ஒரு பைதன் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். அது கட்டளையை அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் தூங்கும், அப்புறம் அடுத்த படிக்குப் போகும். நடுவில் கரண்ட் போய் ரவுட்டர் நின்றால் ஸ்கிரிப்டும் நின்றுவிடுகிறது. திரும்ப ஓட்டினால் கிளஸ்டரில் பொருந்தாத வேறு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பிழை வருகிறது. வேறு சில நாட்களில் ஒரு பிழையும் இல்லாமல் எல்லாம் முடிந்தும் ஆப் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. தூங்கும் நேரத்தைப் பத்து நிமிடமாக்கினால் சரிவருமா?

சரிவராது, தம்பி. வேலை இரண்டு நிமிடத்தில் முடியும் நாளில் எட்டு நிமிடம் வீணாகும். பன்னிரண்டு நிமிடம் எடுக்கும் நாளில் அதே பிழை திரும்ப வரும். எவ்வளவு நேரமாகும் என்று நீங்கள் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. கேட்டால் அந்தச் சேவையே சொல்லும். எதைக் கேட்பது, வரும் பதிலை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சரியாகச் செய்ய வேண்டும். உங்கள் இரண்டு சிக்கல்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு இடத்தில் பிறப்பவை. அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் நோட் பூல். நோட் பூல் உருவாக்கச் சொல்லி ஏபிஐக்கு (நிரல்கள் சேவையோடு பேசும் வாசலுக்கு) கோரிக்கை அனுப்பினால் ஒன்றிரண்டு விநாடியில் பதில் வந்துவிடும். அந்தப் பதில் நோட் பூல் அல்ல. "கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன், வேலையைத் தொடங்குகிறேன், இதன் பெயர் இன்னது" என்று சொல்லும் ஒரு ஒப்பரேஷன் பொருள். அரிசி மில்லில் நெல்லைக் கொடுத்தால் ஒரு துண்டு தருவார்களே, அதுபோல. துண்டு கையில் இருக்கிறது என்பதற்காக அரிசி மூட்டையில் ஏறிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தத் துண்டைக் காட்டித்தான் பிறகு விசாரிக்க முடியும். உங்கள் ஸ்கிரிப்ட் இந்தத் துண்டை வாங்கிப் பார்க்காமலே எறிந்துவிடுகிறது. முதல் சிக்கல் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை முழுதாக அச்சிட்டுப் பாருங்கள். ஒப்பரேஷன் என்ற சொல்லில் தொடங்கி எண்களும் எழுத்துகளும் தொடரும் ஒரு பெயர் இருக்கும். கிளஸ்டர் உருவாக்கம், நோட் பூல் உருவாக்கம், நோட்களின் தரமுயர்த்தல் என்று வேலையின் வகை இருக்கும். எந்தக் கிளஸ்டரை அல்லது நோட் பூலைத் தொடுகிறது என்ற இணைப்பு, தொடங்கிய நேரம், முடிந்திருந்தால் முடிந்த நேரம், இப்போதைய நிலை எல்லாம் இருக்கும். நிலைக்கு நான்கு மதிப்புகளைக் காண்பீர்கள்: பெண்டிங் (காத்திருக்கிறது), ரன்னிங் (ஓடுகிறது), டன் (முடிந்தது), அபோர்ட்டிங் (நிறுத்தப்படுகிறது).

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். டன் என்றால் வேலை வெற்றி என்று அர்த்தமில்லை. வேலை ஓடி நின்றுவிட்டது, இனி அதன் நிலை மாறாது என்பது மட்டும்தான் அர்த்தம். தோற்றுப்போன வேலையும் டன் என்றே நிற்கும். பட்டியலில் ஃபெயில்ட் என்று ஒரு நிலையே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தோல்வி எர்ரர் என்ற வேறொரு புலத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் புலம் வெறுமையாக இருந்தால்தான் வெற்றி. கோட்டா (உங்களுக்கு அனுமதித்த அளவு) தாண்டியதால் நோட் கிடைக்காமல் போயிருக்கலாம், அந்த வலயத்தில் (ஒரு பிராந்தியத்துக்குள் இருக்கும் சிறு பகுதியில்) நீங்கள் கேட்ட வகை இயந்திரம் கையிருப்பில் இல்லாமல் இருக்கலாம். இரண்டிலும் ஒப்பரேஷன் அமைதியாக டன் என்று சொல்லிக்கொண்டு நிற்கும். நிலை டன் ஆனதும் லூப்பை விட்டு வெளியேறி "வெற்றி" என்று அச்சிடும் ஸ்கிரிப்ட் உங்களுக்குப் பொய் சொல்கிறது. எர்ரர் வெறுமை என்று தெரிந்த பிறகும் நோட் பூலின் சொந்த நிலையை ஒருதரம் கேளுங்கள். ரன்னிங் என்று வருகிறதா, ரன்னிங் வித் எர்ரர் என்று வருகிறதா என்று பார்க்க ஒரேயொரு அழைப்புப் போதும்.

கூகுளின் வேறு சேவைகளைத் தொட்டவர்கள் இங்கே வழி தவற வாய்ப்பிருக்கிறது. கிளவுட் ரன் போன்ற சேவைகள் தரும் நீண்ட நேர ஒப்பரேஷனில் டன் என்பது ஆம் அல்லது இல்லை என்ற புலம். முடிந்தால் எர்ரர் அல்லது ரெஸ்பொன்ஸ், இரண்டில் ஒன்று இருக்கும். பைதன் நூலகமே அதற்காகக் காத்திருந்து, தோல்வியென்றால் விதிவிலக்கை எழுப்பிவிடும். குபர்நெட்டிஸ் எஞ்சினின் ஒப்பரேஷன் அந்த வார்ப்பில் வந்ததல்ல. பைதனில் எழுதினால் காத்திருக்கும் லூப்பை நீங்களே எழுத வேண்டும். கூகுளின் ஜிகிளவுட் கட்டளையில் அசிங்க் கொடியை (காத்திருக்காதே என்று சொல்லும் தெரிவை) போடாமல் ஓட்டினால் அது தானே காத்திருக்கும். கொடியைப் போட்டிருந்தால், ஒப்பரேஷன்ஸ் என்ற துணைக்கட்டளையின் லிஸ்ட், டிஸ்கிரைப், வெயிட் மூன்றும் பின்னால் உதவும்.

இனி கரண்ட் விஷயம். மாரி காலத்தில் நம் பக்கம் லைன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கிளஸ்டர் மும்பாய் பகுதியில் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அக்கரைப்பற்றில் ரவுட்டர் அணைந்தது அதற்குத் தெரியாது. ஏற்றுக்கொண்ட வேலையை அது அங்கே தொடர்ந்து செய்துகொண்டேயிருக்கும். நின்றது உங்கள் ஸ்கிரிப்ட் மட்டும்தான். நீங்கள் திரும்ப ஓட்டியதும் அதே கிளஸ்டரில் இரண்டாவது வேலையைக் கேட்கிறீர்கள், முதல் வேலை இன்னும் ஓடுகிறது, கிளஸ்டர் மறுக்கிறது. சில வேலைகள் ஒன்றாக ஓட அனுமதி உண்டு, பலவற்றுக்கு இல்லை. பெரும்பாலும் அந்தப் பிழை வந்ததே உங்கள் முந்தைய கோரிக்கை உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அதனால் ஒப்பரேஷன் பெயர் கிடைத்தவுடன், காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பே, அதை ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். வெறும் பெயர் போதாது. ஒப்பரேஷன் ஒரு புரொஜெக்ட்டுக்கும் ஒரு இடத்துக்கும் கீழேதான் வாழ்கிறது. வலயக் கிளஸ்டரின் ஒப்பரேஷனைப் பிராந்தியத்தில் தேடினால் அப்படி ஒன்று இல்லை என்ற பதில்தான் வரும். அதனால் புரொஜெக்ட், இடம், பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்கிரிப்ட் தொடங்கும்போது முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கட்டும். இன்னும் முடிவடையாத ஒப்பரேஷன் இருந்தால் புதிதாக எதையும் கேட்காமல், விட்ட இடத்திலிருந்து காத்திருக்கட்டும். இந்தச் சிறிய மாற்றம் ஒன்றே உங்கள் முதல் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்க்கும்.

இன்னொரு மோசமான தருணம் இருக்கிறது. கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. பெயரும் கையில் இல்லை, வேலை தொடங்கியதா என்றும் தெரியாது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்ப வேண்டாம். முதலில் ஒப்பரேஷன் பட்டியலைக் கேட்டு, உங்கள் நோட் பூலைத் தொடும் வேலை ஏதாவது அண்மையில் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல காலமாக, நோட் பூலின் பெயரை நீங்களே வைக்கிறீர்கள். அதே பெயரில் இரண்டாவது முறை கேட்டால் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுப்பு வரும், இரண்டு நோட் பூல் உருவாகாது. ஸ்கிரிப்ட் நோட் பூல் பெயரில் நேரத்தையோ எழுமாறான எண்ணையோ ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றிவிடுகிறீர்கள், மாத முடிவில் பில்லில்தான் தெரியும். அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையான ஈகேஎஸ் போன்றவற்றில் இதற்கென்றே ஒரு கோரிக்கை டோக்கன் உண்டு. ஒரே டோக்கனோடு மறுபடி அனுப்பினால் வேலை இரண்டாகாது.

அந்தப் பொருந்தாத வேலைப் பிழைக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். ஓடிக்கொண்டிருப்பது உங்கள் வேலையாகவே இல்லாமல் இருக்கலாம். கட்டுப்பாட்டுத் தளத்தின் (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதியின்) தானியங்கித் தரமுயர்த்தல், பழுதான நோட்டைத் தானாகத் திருத்துவது எல்லாம் கூகுள் தன் பாட்டில் தொடங்கும் ஒப்பரேஷன்கள். பிழைச் செய்தியிலேயே பெரும்பாலும் தடுக்கும் ஒப்பரேஷனின் பெயர் இருக்கும். அதை டிஸ்கிரைப் செய்து வகையைப் பாருங்கள், அது முடியும்வரை காத்திருங்கள், அப்புறம் உங்கள் கோரிக்கையை அனுப்புங்கள். வலயக் கிளஸ்டர் என்றால் கட்டுப்பாட்டுத் தளம் தரமுயரும் சில நிமிடங்களுக்கு, கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் குபெக்டில் என்ற கருவி எதற்கும் பதில் சொல்லாது. ஆப் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். பராமரிப்புச் சாளரத்தை (கூகுள் இவற்றைச் செய்ய நீங்கள் குறிக்கும் நேரத்தை) நள்ளிரவுக்கு மாற்றி வைத்தால் பகலில் இந்தத் தொல்லை குறையும்.

காத்திருக்கும் லூப்பை எழுதும்போது எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்பது என்பதில் பலர் மினக்கெடுகிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமல்ல. இரண்டு விநாடியில் தொடங்குங்கள், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டுங்கள், முப்பது விநாடியில் நிறுத்துங்கள். பல ஸ்கிரிப்ட்கள் ஒரே நொடியில் போய் மோதாமல் இருக்க, இடைவெளியில் கொஞ்சம் எழுமாறாகக் கூட்டிக் குறையுங்கள். சேவை தானே "இத்தனை விநாடி கழித்து வா" என்று பதிலின் தலைப்பில் (ஹெடரில்) சொன்னால் அதைக் கேளுங்கள். இவ்வளவுதான்.

உண்மையான கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில். கேட்க முடியாமல் போவதும் வேலை தோற்பதும் ஒன்றல்ல. இணைப்பு அறுந்தது, 429 (அதிகமாகக் கேட்கிறாய்) வந்தது, 503 (சேவை இப்போது இல்லை) வந்தது என்றால் ஒப்பரேஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கேள்விதான் போய்ச் சேரவில்லை, இன்னொரு தரம் கேளுங்கள். 403 அல்லது 404 என்றால் அனுமதியோ முகவரியோ பிழை. எத்தனை தரம் கேட்டாலும் அது மாறாது, நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதேபோல மொத்தக் காத்திருப்புக்கும் ஒரு எல்லை வையுங்கள், நோட் பூலுக்கு முப்பது நிமிடம் தாராளம். அந்த எல்லை தாண்டினால் வேலை தோற்றது என்று எழுதாதீர்கள். வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்கிரிப்ட் முடியும்போது சொல்ல வேண்டிய பதில்கள் மூன்று: வென்றது, தோற்றது, இன்னும் தெரியாது. மூன்றுக்கும் வெவ்வேறு வெளியேறு குறியீடு (ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்) கொடுங்கள். லினக்ஸின் டைம்அவுட் கட்டளை நேரம் முடிந்தால் 124 என்று வெளியேறும், அதையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். "தெரியாது" என்று வந்தால் மறுபடி ஓட்டுவது பாதுகாப்பானது, கோப்பில் பெயர் இருக்கிறதே.

சதவீதப் பட்டை காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். சேவை சொல்லாத சதவீதத்தை நீங்கள் கற்பனை செய்து காட்டாதீர்கள். நோட்களைத் தரமுயர்த்தும்போது மொத்தம் எத்தனை, முடிந்தது எத்தனை என்று ஜிகிளவுட் சொல்கிறது, அப்படிக் கிடைத்தால் காட்டுங்கள். கிடைக்காத இடத்தில் இத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது, கடைசியாகக் கேட்ட நேரம் இது என்று காட்டினாலே போதும். அணியில் இருப்பவர் எட்டிப் பார்க்கும்போது அவருக்குத் தேவையானது அதுதான்.

சரி, இரண்டாவது சிக்கல். பிழையே இல்லை, ஆனால் பழைய பதிப்பு நிற்கிறது. இங்கே ஒப்பரேஷன் பட்டியலை எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இது கிளவுட் சேவையின் வேலை அல்ல, கிளஸ்டருக்குள் குபர்நெட்டிஸ் செய்யும் வேலை. நோட் பூல் உருவாக்குவதற்குத் துண்டு உண்டு. மாற்றத்தை அனுப்பும் குபெக்டில் அப்ளை கட்டளைக்குத் துண்டு கிடையாது. "கொன்ஃபிகர்ட்" என்று பதில் வந்தால் நீங்கள் விரும்பும் நிலை பதிவேட்டில் எழுதப்பட்டது என்று மட்டும் அர்த்தம். அதை நிஜமாக்கும் வேலை பின்னால் தனியாக நடக்கிறது. அதனால் இங்கே கேட்கும் முறையும் மாறுகிறது. எழுதியது என்ன, இப்போது இருப்பது என்ன என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

இதற்கு டிப்ளோய்மென்டில் (எந்தப் பதிப்பு, எத்தனை பிரதி ஓட வேண்டும் என்ற பதிவில்) ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் அதன் விவரக்குறிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஜெனரேஷன் என்ற எண் கூடும். கட்டுப்படுத்தி அந்த மாற்றத்தைப் பார்த்ததும் ஒப்சர்வ்ட் ஜெனரேஷன் என்ற இடத்தில் அதே எண்ணை எழுதும். இரண்டாவது எண் முதலாவதைவிடச் சிறியதாக இருந்தால், நிலைப் பகுதியில் நீங்கள் வாசிப்பது முழுவதும் பழைய பதிப்பின் கதை. அப்ளை செய்த மறுவிநாடியே "எத்தனை பொட் (ஓடும் ஆப் பிரதி) தயார்" என்று கேட்கும் ஸ்கிரிப்ட், பழைய பொட்களை எண்ணிவிட்டு மகிழ்ச்சியோடு வெளியேறுவது இதனால்தான். எண்கள் சமமான பிறகு, புதிய வார்ப்பில் உள்ள பொட்களின் எண்ணிக்கை நீங்கள் கேட்டதற்குச் சமமா, பழையவை எல்லாம் போய்விட்டனவா, புதியவை எல்லாம் சேவைக்குத் தயாரா என்று பார்க்க வேண்டும். ரோல்அவுட்டின், அதாவது பதிப்பேற்றத்தின், நிலையைக் கேட்கும் குபெக்டில் ரோல்அவுட் ஸ்டேட்டஸ் கட்டளை இவை எல்லாவற்றையும் சரியாகப் பார்க்கிறது. நீங்களே எழுதத் தேவையில்லை, அதையே அழையுங்கள். கரண்ட் போய் அது நடுவில் நின்றாலும் மறுபடி ஓட்டலாம். பெயர் எதையும் சேமிக்க வேண்டியதில்லை, இருக்கும் நிலையை அது புதிதாக வாசித்துக்கொள்ளும்.

அது எவ்வளவு நேரம் காத்திருக்கும்? டிப்ளோய்மென்டுக்கு முன்னேற்றக் கெடு என்று ஒன்று உண்டு, இயல்பாக 600 விநாடி. அவ்வளவு நேரம் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் கெடு தாண்டியது என்று டிப்ளோய்மென்டின் நிலையில் குறிக்கப்படும், ரோல்அவுட் ஸ்டேட்டஸ் பிழையோடு வெளியேறும். ஆனால் குபர்நெட்டிஸ் தானாகப் பழைய பதிப்புக்குத் திருப்பாது. திருப்புவதா, திருத்தி மறுபடி ஏற்றுவதா என்பதை நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். இதற்கிடையில் பழைய பொட்களில் பெரும்பகுதி ஓடிக்கொண்டேயிருக்கும், ஏனென்றால் இயல்பான அமைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் இல்லாமல் போக அது விடாது. உங்கள் வாடிக்கையாளர்கள் பழைய பதிப்பைப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். அவர்களுக்குச் சேவை அறுந்துவிடாமல் இந்த ஏற்பாடுதான் காப்பாற்றுகிறது. புதிய பொட் ஏன் எழவில்லை என்பதற்குப் பொட்டின் நிகழ்வுப் பட்டியலைப் பாருங்கள். இமேஜை (ஆப்பின் பொதியை) இழுக்க முடியவில்லை, தொடங்கித் தொடங்கி விழுகிறது, வைக்க நோட்டில் இடமில்லை, தயார்நிலைச் சோதனை தோற்கிறது: பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம். பிழையே வரவில்லை என்கிறீர்கள். இமேஜுக்கு ஒவ்வொரு முறையும் லேட்டஸ்ட் என்ற ஒரே டேக்கை (பதிப்புப் பெயரை) போடுகிறீர்களா? போட்டால் அப்ளைக்குக் கொடுக்கும் யாம்ல் கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அப்ளை "அன்சேஞ்ச்ட்" என்று சொல்லும், ஜெனரேஷன் எண் கூடாது, ரோல்அவுட் தொடங்கவே தொடங்காது. ரோல்அவுட் ஸ்டேட்டஸைக் கேட்டால் உடனே வெற்றி என்று சொல்லும், அது பொய்யுமல்ல, பழைய ரோல்அவுட் எப்போதோ வென்றுவிட்டது. ஸ்கிரிப்டின் லொக்கில் (ஓட்டப் பதிவில்) "அன்சேஞ்ச்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் டேக்கில் கிட் கொமிட்டின் (பதிந்த நிரல் மாற்றத்தின்) குறியைப் போடுங்கள், அல்லது இமேஜின் டைஜஸ்டையே (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாளத்தை) எழுதுங்கள்.

நாளைக்கு வேறு நிறுவனத்தின் சேவைக்குப் போனாலும் கேள்விகள் இவையேதான், பதில் இருக்கும் இடம்தான் மாறும். ஆப்களை ஓட்டும் இன்னொரு அமேசான் சேவையான ஈசிஎஸில் சர்விஸைப் புதுப்பித்தால் டிப்ளோய்மென்டின் ரோல்அவுட் நிலையைப் பார்க்க வேண்டும். தோற்கும் பதிப்பேற்றத்தை நிறுத்தும் சேர்க்கிட் பிரேக்கரை இயக்கி வைக்காவிட்டால், எழ முடியாத பதிப்பையும் விடாமல் மறுபடி மறுபடி எழுப்பப் பார்த்துக்கொண்டே, ஓடிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லும். அதன் கட்டளைவரியில் சர்விஸ் நிலைபெறும்வரை காத்திருக்கும் கட்டளை 15 விநாடிக்கு ஒருமுறை 40 தரம் கேட்டுவிட்டு 255 என்று வெளியேறும், அதாவது பத்து நிமிடம். அதுவும் தோல்வி அல்ல, நான் சொன்ன "தெரியாது". மைக்ரோசொஃப்டின் அஷூர் பெரும்பாலும் 202 (ஏற்றுக்கொண்டேன்) என்ற எண்ணோடு, எங்கே போய் விசாரிப்பது என்ற முகவரியைத் தலைப்பில் தரும். சக்சீடட், ஃபெயில்ட், கான்சல்ட் மூன்றைத் தவிர வேறு எந்தச் சொல் வந்தாலும் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் மனம் மாறி ஒப்பரேஷனை ரத்துச் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தும் ஒரு கோரிக்கைதான், அனுப்பியவுடன் வேலை நின்றுவிடாது. அபோர்ட்டிங் என்று கொஞ்ச நேரம் நிற்கும், அதையும் டன் வரை பின்தொடருங்கள். நோட் தரமுயர்த்தலைப் பாதியில் நிறுத்தினால் சில நோட்கள் புதிய பதிப்பிலும் சில பழையதிலும் இருக்கும், தானாகப் பழையபடி ஆகாது. திருப்புவதற்கு வேறு கட்டளை கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஓர் ஆலோசனை. காத்திருக்கும் வேலையையே உங்கள் லேப்டொப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட்களைக் கிட்ஹப்பின் கணினிகளில் ஓட்டும் கிட்ஹப் அக்ஷன்ஸில் ஒரு வேலை ஆறு மணித்தியாலம் வரை ஓடலாம், உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் தேவைப்படாது. மூன்று பேர் இருப்பதால், ஒரே நேரத்தில் இருவர் ஏற்றாதபடி அங்கே ஒரு வரிசையும் வைக்கலாம். ஸ்கிரிப்ட் ஒப்பரேஷன் பெயரை அச்சிட்டால் அது அந்த ஓட்டத்தின் லொக்கில் பதிவாகும். யார் எப்போது தொடங்கியது என்று பல மாதம் கழித்துக் கேள்வி வந்தாலும், கூகுளின் நிர்வாகத் தணிக்கைப் பதிவுகள் 400 நாள் இருக்கும், நீண்ட வேலைகளுக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே அடையாளத்தோடு அதில் கிடைக்கும்.

இன்றைக்கு முதல் வேலையாக அந்த டேக்கைப் பாருங்கள். அது கொமிட் குறியோடுதான் இருக்கிறது, ஆனாலும் பழைய பதிப்பே நிற்கிறது என்றால், டிப்ளோய்மென்டின் இரண்டு ஜெனரேஷன் எண்களையும் புதிய பொட்டின் நிகழ்வுப் பட்டியலையும் எடுத்து அனுப்புங்கள் தம்பி, சேர்ந்து பார்ப்போம்.